1.62 கோடி ஸ்போர்ட்ஸ் கார்: நாலு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி, அழகுக்காக வைத்ததெல்லாம் தொல்லை. வழி சொல்லுங்கள்

கேட்பவர் (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். இருபத்திரண்டு வருடமாக ஃபவுண்டரி நடத்துகிறேன். சின்ன வயதிலிருந்தே கார் பைத்தியம். போன தை மாதம் ஒரு ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் எடுத்தேன். ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, ஆன்ரோடு 1 கோடியே 62 லட்சம், முழுப் பணமும் கட்டி என் சொந்தப் பெயரில் வாங்கியது. நிறுவனத்தின் பெயரும் ஷோரூம் பெயரும் இங்கே வேண்டாம். இதுவரை 2,900 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.

முதல் பிரச்சினை பேட்டரி. நான்கைந்து நாள் எடுக்காமல் விட்டால் வண்டி செத்துக் கிடக்கிறது. கதவுக் கைப்பிடி உடம்போடு ஒட்டிப் படுத்திருக்கும் வகை, கரண்ட் இருந்தால்தான் வெளியே வரும். முதல் தடவை கதவைத் திறக்கவே அரை மணி நேரம் ஆனது. சாவித் துவாரம் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. மொபைல் வெளிச்சத்தில் நகத்தால் நெம்பித்தான் கண்டுபிடித்தேன். இப்படி மூன்று தடவை வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்தாயிற்று.

இரண்டாவது, அவிநாசி ரோட்டில் நெரிசலில் போகும்போது 'டிரைவ்டிரெய்ன் கோளாறு' என்று மஞ்சளாக வந்து, மூன்றாவது கியரிலேயே நின்றுவிட்டது. இரண்டு முறை. மூன்றாவது, முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகம் குறைக்கும் க்ரூஸ் வசதி வாரத்தில் பாதி நாள் 'இயங்காது' என்கிறது.

சென்னையில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கு ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்பினேன், 500 கிலோமீட்டர். ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு, 'சோதித்ததில் குறை இல்லை' என்று ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலைச் சீட்டில்) எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள்.

தோற்றத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனதில் அதுதான் அதிகம் உறுத்துகிறது. படத்தில் பார்த்தபோது பிடித்திருந்தது. வீட்டில் நின்ற பிறகு தினமும் துடைக்கும்போதுதான் தெரிகிறது. முன் பம்பரின் இரு ஓரத்திலும் காற்றுத் துவாரம் போல இருக்கிறதே, விரலை விட்டால் அரை அங்குலத்தில் பிளாஸ்டிக் தடுக்கிறது. பின்னால் தெரியும் நான்கு சைலன்சர் வாயில் இரண்டுக்குள் குழாயே இல்லை. உள்ளே எங்கு பார்த்தாலும் பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக், ஆறு மாதத்தில் தலைமுடி போல கீறல். ஏசியைக் குறைக்கக்கூட திரையைத் தடவ வேண்டும். இவ்வளவு விலையில் இப்படிச் செய்வார்களா?

வண்டியில் உண்மையிலேயே குறையா, நான் பயன்படுத்தும் விதத்தில் குறையா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பதில் 1: கார் எலெக்ட்ரீஷியன், ஈரோடு

அண்ணா, மூன்றும் தனித்தனி நோய் போலத் தெரிகிறது. ஆனால் முதல் இரண்டும் ஒரே வேரிலிருந்து வரலாம். பதில் சொல்வதற்கு முன் நான்கு விஷயம் வேண்டும்.

வண்டி நிற்கும் இடத்துக்கும் சாவி இருக்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? டேஷ் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர் மாதிரி ஏதாவது பிறகு பொருத்தினீர்களா, பொருத்தியது யார்? கியர் எச்சரிக்கை வந்த இரண்டு நாளும், ஜம்ப் செய்த நாளும் தேதிவாரியாக நினைவிருக்கிறதா? பேட்டரி மேல் எத்தனை ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) என்று போட்டிருக்கிறது?

கேட்பவர்

தம்பி, உடனே கேட்டதற்கு நன்றி. சாவி வாசல் பக்கச் சுவரில் ஆணியில் தொங்கும். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் ஷெட், எட்டு அடிகூட இருக்காது. டேஷ் கேமரா ஷோரூமிலேயே ஆக்சஸரியாகப் போட்டுக் கொடுத்தது. வண்டி நிற்கும்போதும் யாராவது இடித்தால் பதிவு செய்யும். பேட்டரி 70 ஏஎச், ஏஜிஎம் வகை.

தேதியைப் பார்த்தேன், ஆச்சரியமாக இருக்கிறது. கியர் கோளாறு வந்த இரண்டு நாளும் ஜம்ப் செய்ததற்கு மறுநாள்.

பதில் 2: கார் எலெக்ட்ரீஷியன், ஈரோடு

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். இந்த மாதிரி வண்டியில் பல டஜன் கன்ட்ரோல் யூனிட் இருக்கும். பூட்டிவிட்டுப் போனதும் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும், எல்லாம் அடங்க அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகலாம். அடங்கிய பிறகு இழுக்கும் கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 50 என்றால் நாளுக்கு 1.2 ஏஎச். உங்கள் பேட்டரி ஒரு மாதம் நின்றாலும் கிட்டத்தட்ட பாதி மிச்சம் இருக்கும். நாலைந்து நாளில் காலியாகிறது என்றால் கணக்குப் போடுங்கள்: 70-ஐ ஐந்தால் வகுத்தால் நாளுக்கு 14 ஏஎச், அதாவது இடைவிடாமல் கிட்டத்தட்ட 600 மில்லி ஆம்பியர். யாரோ உள்ளே தூங்காமல் விழித்திருக்கிறார்கள்.

சாவி பக்கத்தில் இருந்தால் அதன் சிக்னலைக் கேட்டு, முதலாளி வருகிறார் என்று நினைத்து எழுந்துகொள்ளும் வண்டிகள் உண்டு. எட்டு அடி, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் என்றால் இரவு முழுக்க எழுந்து எழுந்து படுக்கும். கேமராவின் பார்க்கிங் பதிவு இன்னொரு சந்தேகம்.

கியர்பாக்ஸைப் பொறுத்தவரை, பேட்டரி வோல்டேஜ் விழுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கன்ட்ரோல் யூனிட்டுகள் ஒன்றுக்கொன்று பேசுவது தடைபடும். அப்போது இல்லாத கோளாறெல்லாம் கோடாகப் பதிவாகும். வண்டி பாதுகாப்புக்காக ஒரே கியரில் பூட்டிக்கொள்ளும். சென்னையில் சார்ஜர் மாட்டி முழு வோல்டேஜில் சோதித்திருப்பார்கள், அங்கே எப்படி வரும்?

சோதனையை நீங்களே செய்யலாம். மில்லி ஆம்பியர் காட்டும் டிசி கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள். பேட்டரி இருக்கும் பக்க மூடியைத் திறந்து, லாக் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, மூடியிருப்பதாக வண்டியை நம்ப வையுங்கள். வேலை முடிந்து மூடும் முன் அதே நாக்கை விடுவிக்க மறக்காதீர்கள். பூட்டி, சாவியை நூறு அடி தள்ளிக் கொண்டுபோய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து நெகட்டிவ் கேபிளில் கிளாம்ப் போட்டுப் பாருங்கள். ஃபியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், பிடுங்கி மாட்டினால் தூங்கிய யூனிட் மறுபடி எழுந்துவிடும். ஒவ்வொரு ஃபியூஸின் இரண்டு முனையிலும் மில்லி வோல்ட் வித்தியாசம் பார்த்தால் போதும், கரண்ட் ஓடுகிற ஃபியூஸ் தானே காட்டிக்கொடுக்கும்.

பதில் 3: சென்னை

நான் 2009 மாடல் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பதினோரு வருடமாக வைத்திருக்கிறேன். நீங்கள் தோற்றத்தைப் பற்றி எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்போர்ட்ஸ் காரில் காற்றுத் துவாரம் என்பது ஒரு வாக்கு. அது பிரேக்கையோ ரேடியேட்டரையோ குளிர வைக்க வேண்டும். மூடிய துவாரத்தைப் பார்த்தால் வருத்தப்படத்தான் செய்யும்.

வாங்கியவர்கள் சொல்லும் வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறது. போர்ஷே 1997-ல் கொண்டுவந்த 996 தலைமுறை 911-க்கு வட்டக் கண்ணை எடுத்துவிட்டு, அதைவிட விலை குறைந்த பாக்ஸ்டரின் விளக்கையே வைத்தார்கள். பொரித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று வாங்கியவர்கள் விடாமல் திட்டினார்கள். 2004-ல் 997 வந்தபோது வட்ட விளக்கு திரும்பி வந்தது.

தரமும் விலையைப் பார்த்து வருவதில்லை. 2010-ல் ஃபெராரி 458 இத்தாலியா சில தீப்பிடித்தன. காரணம், சக்கர வளைவில் வெப்பத் தகட்டை ஒட்டிய பசை. கார்களைத் திரும்ப அழைத்து (ரீகால்), பசையை எடுத்துவிட்டு ரிவெட் அடித்தார்கள். 2014-ல் போர்ஷே 911 ஜிடி3-யில் கனெக்டிங் ராடின் ஸ்க்ரூ தளர்ந்து இரண்டு கார் எரிந்தன. 785 காரையும் ஓட்ட வேண்டாம் என்று நிறுத்தி, எல்லாவற்றுக்கும் புது இன்ஜின் போட்டார்கள். தவறு வந்ததை விட, வந்த பிறகு எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். உங்களுக்கு ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு 'குறை இல்லை' என்று எழுதியது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

க்ரூஸ் விஷயத்துக்கு ஒரு கேள்வி. உங்கள் காரின் முன் நம்பர் பிளேட் எங்கே இருக்கிறது? நம் ஊர் ஒற்றை வரி பிளேட் 500 மில்லிமீட்டர் நீளம், 120 உயரம். மூக்கு கூரான காரில் அதற்கு இடமே விட்டிருக்க மாட்டார்கள். ஷோரூமில் ஒரு பிராக்கெட் அடித்து நடுவில் மாட்டிவிடுவார்கள். அங்கேதான் கீழ் கிரில்லுக்குப் பின்னால், க்ரூஸுக்காக முன்னால் போகும் வண்டியைப் பார்க்கும் ரேடார் உட்கார்ந்திருக்கும்.

கேட்பவர்

இப்போதுதான் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேடாரின் கறுப்புச் சதுரத்தில் மேல் கால்வாசியை பிளேட்டின் கீழ் ஓரம் மறைக்கிறது! ஆறு மாதமாகத் தினமும் துடைத்த இடம்.

பதில் 4: நுகர்வோர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர், மதுரை

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்கு மேல், 2 கோடிக்குள். ஆகவே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு மாவட்ட ஆணையத்துக்குப் போகாது, மாநில ஆணையத்துக்குத்தான் போகும். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். பில் சொந்தப் பெயரில் இருப்பது நல்லது. கம்பெனி பெயரில் இருந்தால் 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு முதல் வாதமே வைக்கும். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். சில நேரம் அதிலேயே முடிந்துவிடும்.

ஆனால் எல்லாம் ஜாப் கார்டில்தான் நிற்கும். சர்வீஸ் அட்வைசர் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். 'நான்கு நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகவில்லை, இத்தனாம் தேதி, கிலோமீட்டர் இவ்வளவு' என்று நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். உற்பத்திக் குறை என்று சொன்னால் ஆணையம் ஆய்வுக்கூட அறிக்கை கேட்கலாம். அதற்கு இப்போது எடுக்கும் மீட்டர் அளவுகளின் போட்டோ உதவும்.

போலித் துவாரம், கீறல் விழும் பிளாஸ்டிக் ஆகியவற்றை வழக்கில் சேர்க்காதீர்கள். பார்த்து வாங்கிய தோற்றத்தைக் குறை என்று நிரூபிப்பது கடினம், அது மற்ற புகாரின் பலத்தையும் குறைத்துவிடும்.

பதில் 5: திருச்சி

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் மூடிக்குள் இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆக்டேன் 98 என்று போட்டிருந்தால் சாதாரண பெட்ரோல் போதாது. இன்ஜின் தட்டாமல் இருக்க இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளி, சக்தியைக் குறைத்துக்கொள்ளும். எத்தனால் எத்தனை சதவீதம் வரை போகலாம் என்பதும் மேனுவலில் இருக்கும். இப்போது சாதாரண பெட்ரோலில் 20% எத்தனால் வருகிறது.

கேட்பவர் (மூன்று வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

ஈரோட்டுத் தம்பி சொன்னபடி கிளாம்ப் மீட்டர் வாங்கி இரவு பத்தரைக்கு உட்கார்ந்தேன். சாவி ஆணியில், கேமரா இணைப்பில்: 0.62 ஆம்பியர். கேமராவின் வயரைக் கழற்றி ஒரு மணி நேரம் விட்டேன்: 0.27. பிறகு சாவியை மாடியில் பின்கட்டு பீரோவில் வைத்துவிட்டு வந்து இன்னொரு மணி நேரம். எண் 0.19, 0.08 என்று படிப்படியாக இறங்கி 0.03-ல் நின்றது. மணி ஒன்றே கால். என் மகள் எழுந்து வந்து பார்த்துவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்த எண் இறங்கியதைப் பார்த்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கேமராவை எப்போதும் கரண்ட் இருக்கும் ஃபியூஸில் நேராகக் கொடுத்திருக்கிறார்கள், வோல்டேஜ் குறைந்தால் துண்டிக்கும் பெட்டி போடவே இல்லை. மீட்டர் போட்டோக்களை வைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். இந்த முறை ஜாப் கார்டில் என் வார்த்தையிலேயே எழுதச் சொன்னேன், எழுதினார்கள். பலமுறை அடிவரை காலியானதால் பேட்டரி பலம் இழந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு புதிதாக மாற்றி, புது பேட்டரி என்று வண்டியின் கன்ட்ரோல் யூனிட்டில் பதிவும் செய்துவிட்டார்கள். பிளேட் பிராக்கெட்டை 60 மில்லிமீட்டர் மேலே ஏற்றியாயிற்று. க்ரூஸ் எச்சரிக்கை அதன்பிறகு வரவில்லை. ஒருமுறை ஒன்பது நாள் நிறுத்திப் பார்த்தேன், முதல் தட்டிலேயே எழுந்தது. கியர் கோளாறும் இதுவரை இல்லை.

தோற்றம் பற்றிய வருத்தம் அப்படியேதான் இருக்கிறது. வழக்கறிஞர் சொன்னதை ஏற்று அதைப் புகாரில் சேர்க்கவில்லை, உற்பத்தி நிறுவனத்துக்குத் தனிக் கடிதமாக எழுதியிருக்கிறேன். கைப்பிடியைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். கரண்ட் போனால் உள்ளே குழந்தை இருந்தாலும் வெளியிலிருந்து திறக்க சாவித் துவாரத்தைத் தேட வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் படித்தாக வேண்டும்.

பதில் 6: கார் எலெக்ட்ரீஷியன், ஈரோடு

ரொம்ப சந்தோஷம் அண்ணா. கேமராவுக்கு அந்தத் துண்டிக்கும் பெட்டியைப் போடச் சொல்லுங்கள், 12.2 வோல்ட்டுக்குக் கீழே போனால் நின்றுவிடும்படி. வெளியூர் போனால் ஷெட்டில் ஒரு பேட்டரி மெயின்டெய்னர் (பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சின்ன சார்ஜர்) மாட்டிவிடுங்கள். அப்புறம், அந்தச் சாவித் துவாரத்தை வீட்டில் எல்லோரும் ஒரு தடவை இருட்டில் கையால் தடவித் திறந்து பழகிக்கொள்ளட்டும்.

கேட்பவர்

நேற்றே பழகினோம். மகள் இருபது விநாடியில் திறந்துவிட்டாள், எனக்கு இன்னும் ஒரு நிமிடம் ஆகிறது.