பப்பாளி சாப்பிட்டாயா என்று உங்களையும் கேட்டார்களா?

மாயவரத்து மருமகள்

நேற்று பழக்கடையில் என் பையன் பப்பாளியைக் காட்டி "அது வேணும்மா" என்றான். நாலு வயசு. வாங்காமல் வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இவனுக்கு முன்னால் ஒன்று இருந்தது. ஏழாவது வாரம், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஆபீசில் பக்கத்து சீட்டு அக்கா டப்பாவைத் திறந்து நீட்டினார். நல்ல சிவப்பு, நாலு துண்டு சாப்பிட்டேன். பத்து நாளில் திட்டுத் திட்டாகப் பட்டது. ஸ்கேனில் துடிப்பு இல்லை, ஆறு வார வளர்ச்சியோடு நின்றுவிட்டது என்றார்கள். முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதிக்கு குரோமோசோம் கோளாறுதான் காரணம், நீ எதுவும் செய்யவில்லை என்று டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார்.

வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "என்ன சாப்பிட்டே?"

நானும் சொல்லித் தொலைத்தேன்.

உடுமலைத் தோட்டம்

பெண்கள் பேசுகிற இடத்தில் நுழைகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நாங்கள் பப்பாளி போட்டிருந்தது பழத்துக்கு இல்லை, பாலுக்கு. கோ-5 ரகம். காலை வெயில் ஏறும் முன் காயின் மேல் பிளேடால் மேலோட்டமாக நாலு கோடு கீறி, வடிகிற பாலைப் பிடிப்போம். கையில் பட்டால் அரிக்கும், தோல் வெந்துபோகும். அதைக் காயவைத்து எடுப்பதுதான் பப்பைன். கறியை மெதுவாக்க, மருந்துக்கு என்று எங்கெங்கோ போகிறது.

தங்கச்சி அஞ்சு மாசத்தில் வந்திருந்தது. மரத்திலேயே பழுத்தது ஒன்றை ஆசையாகக் கையில் எடுத்தது, அம்மா பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டார்கள். மாடும் அப்போது சினைதான், அது வேறு கதை. எனக்குக் கோபம் வந்து அம்மா கண் முன்னாலேயே ஒரு காயைக் கீறினேன். பால் பொலபொலவென்று கொட்டியது. இன்னொரு பழத்தைக் கீறினேன். வெறும் தண்ணி மாதிரி ஈரம், அவ்வளவுதான். "பாத்தியாம்மா, பழுத்தா பால் வத்திரும்" என்றேன்.

அம்மா ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒளிஞ்சிருக்கும்டா" என்றார்கள். தங்கச்சி கடைசி வரை சாப்பிடவில்லை.

பெரம்பூர் கேக் பைத்தியம்

சிரிக்காதீர்கள். டூட்டி ஃப்ரூட்டி எதில் செய்கிறார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு நாலாவது மாதம் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் தெரிந்தது. பச்சைப் பப்பாளிக்காய்! வாந்தியில் வேறெதுவும் இறங்காமல் மூன்று வாரமாக டீயில் அந்த கேக்கை நனைத்துத்தான் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து பாக்கெட்டில் மிச்சமிருந்த துண்டுகளிலிருந்து சிவப்பு, பச்சை எல்லாவற்றையும் நகத்தால் நோண்டி எண்ணினேன். பதினேழு. அதை வைத்து மொத்தம் எத்தனை தின்றிருப்பேன் என்று பெருக்கல் வேறு.

காலையில் போன் செய்தால் டாக்டர், "வேகவச்சு, பாகுல ஊறவச்சு, சாயம் போட்ட பெறகு அதுல சர்க்கரையைத் தவிர என்னம்மா இருக்கு" என்று கேட்டார். பிரியாணிக் கறிக்குப் பப்பாளிக்காய் அரைத்துப் போடுகிறார்களே அதற்கும் பயப்படவா என்றேன். வைத்துவிட்டார்.

தேக்கா அக்கா

இங்கே சிங்கப்பூரில் பப்பாளி மட்டுமில்லை, அன்னாசிக்கும் அதே கதை. எட்டாம் மாத வயிற்றோடு அன்னாசி கேட்டேன், சீனக் கடைக்காரத் தாத்தா கொடுக்கவே மாட்டேன் என்றார். காசை நீட்டுகிறேன், கையை ஆட்டுகிறார். கடைசியில் ரெண்டு பேரிக்காயைப் பையில் போட்டு, அதற்குக் காசும் வாங்கவில்லை. என் மாமியாரும் அவரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று தோன்றியது.

உடுமலைக்காரர் செய்ததை இங்கே பல்கலைக்கழகத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 2002ல் வந்த ஆய்வு. பழுத்த பப்பாளிச் சாற்றால் எலியின் கருப்பை சுருங்கவில்லை, காயின் பாலை விட்டபோது சுருங்கியது. பப்பைன் மாதிரி அன்னாசியில் இருக்கிற புரோமலைனும் பெரும்பாலும் தண்டில்தான். நாலு துண்டு பழத்தால் ஒன்றும் ஆகாது.

நாலு பேத்திக்குப் பாட்டி

எலிக்கு வயிற்றில் பத்துக் குட்டி, மனுஷிக்கு ஒன்று. எலிக்கு ஒத்துக்கொண்டால் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளுமா? உடுமலைத் தம்பி, உங்கள் அம்மாவை இங்கே வைத்துச் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கும், கேட்டீர்களா?

நான் சொல்கிறேன். 1974, எங்கள் தெருவில் அஞ்சு பிள்ளை பெற்ற ஒருத்தி ஆறாவது வேண்டாம் என்று பச்சைப் பப்பாளிக்காயும் இன்னும் என்னென்னவோ அரைத்துத் தின்றாள். கருக்கலைப்புச் சட்டம் 1971லேயே வந்துவிட்டதாம், எங்கள் ஊருக்கு வர அதற்கு பஸ் கிடைக்கவில்லை. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பித் தூக்கிப்போனார்கள். வண்டி திரும்பி வந்தபோது வைக்கோல் இருந்த நிறம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பிழைத்துக்கொண்டாள். காயா, கூடப் போட்டதா, எது செய்தது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தெருவில் அதற்குப் பிறகு பப்பாளி மரம் வைத்தவர் இல்லை. பழத்துக்கும் காய்க்கும் வித்தியாசம் பார்த்துக்கொண்டிருக்கிற மனநிலையிலா இருந்தோம்?

சேலத்து மாம்பழம்

எனக்கு மே மாதம் ஆறாவது மாசம். மல்கோவா. தினம் ரெண்டு. சர்க்கரை டெஸ்டில் 171. அவ்வளவுதான் என் கதை.

அதனால் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள், பப்பாளியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு சர்க்கரையைக் கோட்டை விடுகிறோம். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து ரெண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140 வந்தாலே கர்ப்பகாலச் சர்க்கரை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள், வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்றுகூட இல்லை. முதல் தடவை சரியாக வந்தாலும் 24லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும், "போன தடவை நார்மல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். பழத்தைக் கடித்துத் தின்னுங்கள், ஜூஸ் போடாதீர்கள். ஜூஸ் என்றால் நாலு பழம் ஒரே மூச்சில் இறங்கும். சாப்பாட்டோடு சேர்த்துத் தின்னாதீர்கள், நடுவில் பதினோரு மணிக்குக் கொஞ்சமாக. அப்புறம் கல் வைத்துப் பழுத்த மாம்பழம். கார்பைடுக்குத் தடை இருக்கிறது, ஆனாலும் வைக்கிறார்கள். முழுக்க ஒரே மஞ்சள், மூக்கருகே வைத்தால் வாசனை இல்லை, அறுத்தால் கொட்டைப் பக்கம் புளிப்பு என்றால் வாங்காதீர்கள். எது வாங்கினாலும் ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். பிளாட்பாரத்தில் அறுத்து வைத்த தர்பூசணி வேண்டவே வேண்டாம், எப்போது அறுத்தது, எந்தக் கத்தி என்று நமக்குத் தெரியாது. பேரீச்சம்பழம் நல்லது என்று சொல்லிக் கால் கிலோ தின்றுவிடாதீர்கள். சப்போட்டா, சீத்தாப்பழம் இரண்டும் இனிப்பு அதிகம், அளவாக. கொய்யா தாராளமாக.

பெரம்பூர் கேக் பைத்தியம்

அக்கா, கேட்டது பப்பாளி.

வல்வெட்டித்துறை

எங்கட பக்கம் பப்பாசி என்போம், பயம் ஒன்றுதான். எனக்கு அதைவிட நாவல்பழம். கோயில் வீதியில் ஒரு சரை வாங்கித் தின்றேன், நாக்கு ஊதா நிறம். மாமி நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு "பிள்ளை கறுக்கும்" என்றா. பிள்ளை அவவின் நிறத்தில்தான் பிறந்தது. அவவும் கறுப்பு.

துணை சுகாதார நிலையம்

இருபது வருடமாகக் கர்ப்பிணிகளுக்கு அட்டை எழுதுகிறவள். பாட்டியம்மா சொன்னது போன்ற கேஸ் ஆரம்பத்தில் நானும் பார்த்திருக்கிறேன், அதனால் காய் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். பழுத்தது அளவாகச் சாப்பிட்டால் தவறில்லை என்றும் சொல்வேன். கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் சாப்பிட மாட்டார்கள், அதுவும் தெரியும்.

நான் எழுத வந்தது மாயவரத்துத் தங்கைக்கு. உங்கள் பதிவை ரெண்டு தடவை படித்தேன். சாப்பிட்டது ஏழாவது வாரம். ஸ்கேனில் வளர்ச்சி நின்றிருந்தது ஆறு வாரத்தில். உங்களுக்கு மாதவிலக்கு தேதி தவறாமல் வருமா? வரும் என்றால், அந்தப் பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாயவரத்து மருமகள்

28 நாள், தேதி மாறினதே இல்லை.

ரிப்போர்ட் இருந்தது. பீரோவில் பையனின் தடுப்பூசி அட்டைக்கு அடியில், அதே நீலக் கவர். அஞ்சு வருஷமாகப் பிரிக்கவில்லை. கருவின் அளவுக்குப் பக்கத்தில் 6 வாரம் 1 நாள் என்று அச்சடித்திருக்கிறது. டப்பா நீட்டிய அன்றைக்கு எனக்கு 7 வாரம் 3 நாள், ஏனென்றால் அன்றைக்கு என் பிறந்தநாள், கேக்குக்குப் பதிலாகத்தான் அந்த அக்கா பழம் அறுத்து வந்திருந்தார். காலண்டரில் விரல் வைத்து மூன்று முறை எண்ணினேன். அவரையும் எழுப்பி எண்ணச் சொன்னேன். அவர் எண்ணி முடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்.

கவரைத் திரும்ப பீரோவில் வைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. அத்தை ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.