வண்டல் மாறிப்போன கதை: கலப்பின ஈஸ்டோடு எங்கள் அனுபவங்கள்

லயத்து மகள்

கிறிஸ்மஸுக்குத் திராட்சை ஒயின் போடுவது எங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பழக்கம். மலேசியாவில், ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து அடுப்படி மூலையில் ஜாடியை வைத்து, வெள்ளைத் துணியால் வாய் கட்டி, நாற்பது நாள் யாரையும் தொடவிட மாட்டார். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்தான் அதற்கும்.

போன வருடம் நியூசிலாந்திலிருந்து வந்த சித்தி மகன் ஒரு பாக்கெட் கொடுத்தான். "அக்கா, இது ஒயினுக்கென்றே உள்ளது, ரெண்டு இனம் கலந்தது" என்றான். செரிவிசியே, குட்ரியாவ்செவி என்று இரண்டு ஈஸ்ட் இனங்களின் பெயர் போட்டிருந்தது.

பாட்டி வைத்த மூலையிலேயே வைத்தேன். நம்மூர் மதியம் 32 டிகிரி. நுரைத்தது, நான்காம் நாளே அடங்கிவிட்டது. வாயில் வைத்தால் பாதிச் சர்க்கரை அப்படியே கிடக்கிறது. அடுத்த தடவை மீன்காரரிடம் ஒரு ஐஸ் பெட்டி வாங்கி ஜாடியை அதில் இறக்கி, காலையும் மாலையும் ஐஸ் பாட்டில் மாற்றினேன். 17 டிகிரி நின்றது. மூன்று வாரம் மெதுவாகப் பொரிந்து, துளி இனிப்பில்லாமல் முடிந்தது. அந்த வாசம் பாட்டி ஒயினில் நான் கண்டதே இல்லை.

ஆசையில் அடி வண்டலை எடுத்து வைத்து மூன்றாவது, நான்காவது தடவைக்கும் ஊற்றினேன். நான்காவதில் அந்த வாசம் பாதி போய்விட்டது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

நாற்றங்கால்காரர்

கலப்பு என்றாலே எனக்குச் செம்பனைதான், அதாவது எண்ணெய்ப் பனைதான் ஞாபகம் வரும் தங்கச்சி. முப்பது வருடம் நாற்றங்காலில் இருந்தேன். கெட்டி ஓடு உள்ளது தூரா, ஓடே இல்லாதது பிசிஃபெரா. இரண்டையும் சேர்த்தால் மெல்லிய ஓட்டோடு தெனெரா. நாம் தோட்டத்தில் நடுவதெல்லாம் அதுதான். ஓட்டை ஒரே ஒரு மரபணு ஆள்கிறது என்று 1941லேயே பெல்ஜியக் காங்கோவில் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு எது என்பதை 2013இல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து கண்டார்கள்.

என் அப்பா கீழே விழுந்த தெனெரா பழத்தை முளைக்க வைத்து வீட்டுக்குப் பின்னால் நான்கு மரம் வளர்த்தார். காய்த்தபோது ஒன்றில் ஓடு கல் மாதிரி. இன்னொன்று காய் பிடிக்கவே இல்லை. கலப்பின் பிள்ளை கலப்பாகவே இருக்காது. நாலில் ஒன்று தூரா, ஒன்று பிசிஃபெரா என்று பிரிந்துவிடும். உங்கள் வண்டலிலும் அதுதான் நடந்திருக்கும்.

பெத்ரி தட்டு

ஐயா, நானும் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். இங்கிலாந்தில் ஓர் ஈஸ்ட் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடம் இருந்தேன். நீங்கள் சொன்னது செம்பனைக்கு நூறு சதம் சரி. ஆனால் தூராவும் பிசிஃபெராவும் ஒரே இனம். செரிவிசியேயும் குட்ரியாவ்செவியும் வேறு வேறு இனம், குதிரையும் கழுதையும் போல.

அங்கே எனக்குக் கொடுத்த முதல் வேலை, கலப்பின ஈஸ்டின் ஸ்போர்களை, அதாவது அதன் விதை போன்ற அணுக்களைப் பிரிப்பது. ஒரு பைக்குள் நான்கு ஸ்போர் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தபடி கண்ணாடி ஊசியால் ஒவ்வொன்றாகத் தள்ளி வரிசையாக வைக்க வேண்டும். முதல் வாரம் நானூறு வைத்தேன். மூன்று நாள் கழித்துத் தட்டைத் திறந்தால் மூன்றே புள்ளி. கை நடுங்கிக் கெடுத்துவிட்டேன் என்று அழுதேன். "நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது, அதுதான் இயல்பு" என்றார் மேற்பார்வையாளர். இரண்டு இனத்துக் குரோமோசோம்களிலும் மரபு எழுத்துகள் அவ்வளவு மாறிக் கிடப்பதால் அவை ஜோடி சேர முடிவதில்லை; பங்கு பிரியும்போது சில ஸ்போருக்குக் கூடிப்போகும், சிலவற்றுக்குக் குறைந்துபோகும்.

பிறகு எப்படி இவை இத்தனை காலம் வாழ்கின்றன? ஐயா, செம்பனையை விட்டுவிட்டுக் கித்தாவை, அதான் ரப்பர் மரத்தை நினையுங்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் ரகத்தை விதை போட்டா பெருக்கினோம்? மொட்டெடுத்து ஒட்டுக் கட்டித்தானே! ஈஸ்டும் உடம்பிலிருந்து மொட்டுவிட்டுப் பிரியும். பிள்ளை பெறாமலே தன்னைத் தானே படியெடுத்துக்கொள்ளும். லாகர் பீர் ஈஸ்டும் இந்த வகைதான். அதன் ஒரு பெற்றோரான யூபயானஸை 2011இல்தான் படகோனியாக் காட்டில் கண்டார்கள். பீர்க்காரர்களோ நூற்றாண்டுகளாக அதன் பிள்ளையை வைத்துப் பிழைத்தார்கள். பிரான்சின் பிரிட்டனி பகுதியில் வீட்டில் போட்ட ஆப்பிள் சைடரிலிருந்து எடுத்த ஒன்றில் செரிவிசியே, உவாரம், குட்ரியாவ்செவி மூன்று இனங்களின் மரபணுவும் இருந்தன.

அக்கா, உங்கள் 17 டிகிரி ரகசியமும் இதுதான். குட்ரியாவ்செவி குளிரில் நன்றாக வளரும் இனம்; சர்க்கரையையும் சாராயத்தையும் தாங்குவது செரிவிசியேயின் பலம். வண்டல் மாறியதற்கு இரண்டு வழி உண்டு. கலப்பினங்கள் தலைமுறை தலைமுறையாகக் குரோமோசோம் துண்டுகளை உதிர்க்கும். ஒயினில் கிடைத்த பல கலப்புகளில் செரிவிசியே பங்கு அப்படியே இருக்க, குட்ரியாவ்செவி பங்குதான் குறைந்திருந்தது. இல்லையென்றால், உங்கள் வீட்டு ரொட்டி ஈஸ்ட் ஜாடிக்குள் புகுந்திருக்கும். நான் பந்தயம் கட்டுவதானால் ரொட்டி ஈஸ்ட்மேல்தான். நாலு தடவைக்குள் முதல் வழி அவ்வளவு தூரம் போகாது.

நாற்றங்கால்காரர்

ஒட்டு என்றதும் புரிந்துவிட்டது அம்மா. இரண்டு இனத்துக்கும் கல்யாணம் பண்ணி வைத்தது யார்?

பெத்ரி தட்டு

குளவிக்கும் அதில் பங்கு இருக்கலாம் ஐயா. செரிவிசியேயும் பாரடாக்ஸஸ் என்ற காட்டு ஈஸ்டும் குளவியின் குடலுக்குள் இணைவதை 2016இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பந்தாய் ரெமிஸ் தம்பி

நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. செகாரி மெலிந்தாங் காட்டுக்கு நண்பர்களோடு போனபோது ஓரிடத்தில் கள்ளுக்கடை வாசலில் நிற்பது போல வாடை. தாத்தாவோடு போன ஞாபகமே வந்துவிட்டது. தேடினால், பெர்தாம் பனையின் பூங்குலையில் நுரை தள்ளுகிறது. பூந்தேன் அங்கேயே நொதித்து 3.8 சதவீதம் வரை சாராயமாகிறதாம். இறகு போன்ற வாலுள்ள ஒரு சின்ன மர மூஞ்சூறு இரவுதோறும் அதைக் குடித்தும் தள்ளாடுவதில்லை என்று 2008இல் கட்டுரை வந்தது. ஆய்வு நடந்ததே இதே காட்டில்தான்.

பெத்ரி தட்டு

தம்பி, எனக்கு உடம்பு சிலிர்க்கிறது! பெர்தாம் பூவில் எடுத்த மலேசிய செரிவிசியேயை அங்கே ஆய்வுக்கூடத்தில் கையில் பிடித்திருக்கிறேன். அது செரிவிசியேதான், ஆனால் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறிக் கிடக்கும். அதனால் தன் இனத்து மற்ற ஈஸ்டுகளோடு சேர்த்தாலே ஸ்போர் பெரும்பாலும் செத்துப்போகும். புது இனம் பிரிகிற முதல் படி இப்படித்தான் இருக்கும் என்று நான் நம்புகிறேன். அது நம் ஊர்க் காட்டில் இருக்கிறது.

அக்கா, அந்த நான்காம் வண்டலைக் கொட்டிவிடாதீர்கள். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது ஒரு ஸ்பூன் எடுத்துப் போய், எந்த இனத்து மரபணு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறேன்.

லயத்து மகள்

நான்காவதை நேற்றுத்தான் வாழைக்கு ஊற்றினேன் தங்கச்சி. மூன்றாவது வண்டல் ஜாம் போத்தலில் இருக்கிறது. ஃபிரிட்ஜில் இடம் மாற்றி, மேலே பேர் எழுதி ஒட்டிவிட்டேன். ரொட்டி ஈஸ்ட் டப்பாவையும் முன் கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்தாயிற்று.