ஹங்கர் கேம்ஸ்: மூன்றாவது புத்தகத்தைப் பாதியில் மூடியது தப்பா?

கரிச்சான்குருவி:
குலுக்கலில் பெயர் வந்த பிள்ளைகளை ஓர் அரங்கத்துக்குள் விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லவைக்கும் இந்தக் கதைத் தொடரில் முதல் புத்தகத்தை ஒரே ராத்திரியில் முடித்தேன், இரண்டாவதற்கு மூன்று நாள், மூன்றாவதான மாக்கிங்ஜே மூன்று வாரமாகத் தலையணைப் பக்கத்தில் 11ஆம் அத்தியாயத்தோடு கிடக்கிறது. தண்ணீர் கிடைக்காமல் நாக்கு வறண்டு காட்டில் அலைந்தவள், பெல்ட்டால் மரக்கிளையோடு தன்னைக் கட்டிக்கொண்டு தூங்கிய கதாநாயகி காட்னிஸ், இதில் பாதி நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மீதி நேரம் ஏதாவது ஒரு மூலையில் ஒளிந்துகொண்டு! 2008, 2009, 2010 என்று வருஷத்துக்கு ஒன்றாக எழுதி சூசன் காலின்ஸுக்கே மூச்சு வாங்கிவிட்டது போல.

வேப்பமரத்தடி:
இரண்டு தடவை அந்த அரங்கத்துக்குள் போய் உயிரோடு திரும்பின 17 வயதுப் பெண் ஒளியாமல் வேறென்ன செய்வாள்? காலின்ஸின் அப்பா வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். சண்டைக் காட்சி எழுதத் தெரியாமல் இப்படி எழுதினார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கரிச்சான்குருவி:
காரணம் நியாயமாக இருந்துவிட்டால் வாசிக்கவும் நன்றாக இருக்குமா என்ன? எனக்குக் கொட்டாவி வந்தது, அதைத்தான் சொல்கிறேன்.

ரேஷன்வரிசை:
இருவருமே அரங்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இந்தத் தொடர் முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே, ஒரு கணக்கில் பிடித்துப்போனது. 12 வயதில் குலுக்கலில் பெயர் ஒரு சீட்டு, வருஷத்துக்கு ஒன்று கூடும். வீட்டில் தானியமும் எண்ணெயும் இல்லையா, ஆளுக்கு ஒரு சீட்டு கூடுதலாகப் போட்டு வாங்கிக்கொள்ளலாம், அதுவும் வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும். 16 வயது காட்னிஸுக்கு 20 சீட்டு, அவள் நண்பன் 18 வயது கேலுக்கு 42. மேயர் மகளுக்கும் சட்டப்படி அதே குலுக்கல்தான், ஆனால் ஐந்தாறு சீட்டோடு சரி. மூன்று வேளை சாப்பாடு இருக்கிற வீட்டுப் பிள்ளை மாட்டுவது அபூர்வம். அம்பு, வில்லெல்லாம் அப்புறம்தான்.

வேப்பமரத்தடி:
அதே கணக்குத்தான் மூன்றாவதிலும் ஓடுகிறது. கதை நடக்கும் நாட்டின் பெயர் 'பானெம்', அது என்றாலே லத்தீனில் ரொட்டி. முதல் புத்தகத்தில் ரொட்டிக்கடைப் பையன் பீட்டா ரொட்டியைக் கருகவிட்டு அம்மாவிடம் அடி வாங்கி காட்னிஸுக்கு வீசினான், அரங்கத்தில் அவளோடு கூட்டுச் சேர்ந்த சிறுமி ரூ செத்தபோது அவள் மாவட்டத்து ஜனங்கள் ரொட்டி அனுப்பினார்கள். மாக்கிங்ஜேயில் 13ஆம் மாவட்டம், அதாவது அரசை எதிர்க்கும் நல்லவர்கள் பக்கம், ஒரு துண்டு ரொட்டி எடுத்ததற்காக காட்னிஸின் ஒப்பனைக்காரர்களைச் சங்கிலியில் கட்டிப்போட்டிருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டித்தானே வந்திருப்பீர்கள் கரிச்சான்?

கரிச்சான்குருவி:
தாண்டினேன். சரி, அது நெஞ்சில் தைத்தது, ஒப்புக்கொள்கிறேன். தினமும் காலையில் கையில் ஊதா மையில் அன்றைய வேலை நேரத்தை அச்சடித்துவிடுவார்களே, அதுவும். ஆனால் அது நாலு பக்கம், நடுவில் அவள் மயக்க மருந்தில் கிடப்பது நாற்பது பக்கம்.

ரேஷன்வரிசை:
முடிவு வரை போனால் இப்படிச் சொல்லமாட்டீர்கள். பிரிம் செத்த பிறகு, எதிரிகளின் பிள்ளைகளை வைத்து அதே விளையாட்டை நடத்தலாமா என்ற ஓட்டெடுப்பில் அவள் ஏன் சரி என்று சொல்கிறாள் என்பதற்கே தனி விவாதம் நடத்தலாம்.

கரிச்சான்குருவி:
ஒரு நிமிஷம். பிரிம் சாகிறாளா? அந்தத் தங்கச்சிக்காகத்தானே முதல் புத்தகத்தில் 'அவளுக்குப் பதில் நான் போகிறேன்' என்று இவள் கையைத் தூக்கினாள்! 11ஆம் அத்தியாயத்தில் நிற்கிறேன் என்று எழுதியதை யாருமே படிக்கவில்லையா?

ரேஷன்வரிசை:
ஐயோ. மன்னிச்சுக்கோங்க.

வேப்பமரத்தடி:
2010இல் வந்த புத்தகம் ப்ரோ, எத்தனை நாள்தான் ரகசியம் காப்பது. சரி, ஒன்று செய்யுங்கள். 12ஆம் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள், கடைசி வரி வரை. அப்புறமும் கொட்டாவி வந்தால் மூடிவிடுங்கள், நான் வாயே திறக்கமாட்டேன்.

கரிச்சான்குருவி:
இன்றைக்கு ராத்திரி. பீட்டாவையாவது விட்டுவைத்திருக்கிறார்களா? வேண்டாம், சொல்லாதீர்கள்.