64 பிட்டுக்கு மாத்துனதுல இருந்து ஓடிபிசி ஃபெட்ச் பண்ணா செக் ஃபால்ட், டிரைவர்ல பிரச்சினையா?

பில்லிங்_பாவி:
வணக்கம் மக்களே. ஆபீஸ்ல ஒரு பழைய சி புரோகிராம், வருஷக்கணக்கா 32 பிட் லினக்ஸ்ல யூனிக்ஸ்ஓடிபிசி (டேட்டாபேஸோட பேசுற லைப்ரரி) வச்சு ஓடிட்டு இருந்துச்சு. புது சர்வருக்காக 64 பிட்ல கம்பைல் பண்ணேன், ஒரு வார்னிங்கூட இல்ல, கனெக்ட் ஆகுது, குவெரி போகுது, முதல் ரோ ஃபெட்ச் பண்ண கையோட செக் ஃபால்ட் (தப்பான மெமரிய தொட்டதால) ஆகி படுத்துடுது. மெமரி தப்ப தேடுற வேல்கிரைண்ட் போட்டா விழுற லைன காட்டுதே ஒழிய கெடுத்தது யாருன்னு சொல்லல. டீபக்கர் ஜிடிபில பாத்தா ஸ்ட்ரக்ட்ல இருக்குற நேம் பாயிண்டர் (பேரு இருக்குற மெமரி அட்ரஸ்) ஃபெட்ச்சுக்கு முன்னாடி சரியா இருக்கு, அப்புறம் கடைசி எட்டு ஹெக்ஸ் எழுத்தும் சைபர். டேபிள் காலம்ல நல் (NULL, காலி) வேல்யூ வந்தா எட்டும் எஃப்!

தூக்கமில்லாதவன்:
32 பிட் டிரைவர போட்டிருப்பீங்க ப்ரோ.

செக்ஃபால்ட்_மாமா:
அப்படின்னா டிரைவர் லோடே ஆகாதுப்பா, கனெக்ட்லயே கத்தியிருக்கும்.
தம்பி, அந்த எட்டு எஃப்லயே விடை இருக்கு. நல் வந்தா டிரைவர் இண்டிகேட்டர்ல (டேட்டா நீளமோ நல்லுன்னோ சொல்ற வேரியபிள்) மைனஸ் 1 எழுதும். 64 பிட்ல, காலம நம்ம வேரியபிளோட கட்டிவிடுற பைண்ட்கால் ஃபங்ஷன் கடைசியா கேக்குறது எஸ்க்யூஎல்லென் (SQLLEN, ஓடிபிசியோட நீள டைப்) பாயிண்டர், அந்த டைப் 8 பைட். நீங்க இண்ட்ட குடுத்திருப்பீங்க, அது 4 பைட்தான், மிச்ச 4 பைட் பக்கத்து வீட்டுல போய் உக்காந்துக்குது. ஸ்ட்ரக்ட்ல இண்டிகேட்டருக்கு அடுத்தது நேம் பாயிண்டர்தானே? 32 பிட்ல இண்ட், எஸ்க்யூஎல்லென் ரெண்டுமே 4 பைட், அதான் இத்தன நாள் தப்பிச்சீங்க. ஒரே ஸ்ட்ரக்ட்டுக்குள்ள நடக்குறதால வேல்கிரைண்டுக்கு அது தப்பாவே தெரியாது, அதே மாதிரி டூல் அட்ரஸ் சானிடைசரும் விட்டுடும். நேம் பாயிண்டர் மேல ஜிடிபில வாட்ச் வைங்க, டிரைவர் எழுதுற எடத்துலயே நிக்கும்.

பில்லிங்_பாவி:
மாமா அடுத்தது நேம்தான்!! ஆனா கம்பைலர் ஏன் வாய தொறக்கல?

செக்ஃபால்ட்_மாமா:
யாராவது கேஸ்ட் (டைப்ப வலுக்கட்டாயமா மாத்துறது) போட்டு அதோட வாய அடைச்சிருப்பாங்க, எஸ்க்யூஎல்லென்னு கிரெப் பண்ணி பாருங்க. கேஸ்ட்ட எடுத்துட்டா ஜிசிசி 14 கம்பைலர்ல அது எரரே. கெட்டேட்டா, ரோகவுண்ட் ஃபங்ஷன் ரெண்டும் இதே கதை, டிஸ்கிரைப்கால்ல காலம் சைஸுக்கு எஸ்க்யூஎல்யூலென் (மைனஸ் வராத டைப்).

லாக்_பாக்குறவ:
ஒண்ணு சேத்துக்கோங்க, ஓடிபிசிஇன்ஸ்ட் மைனஸ் ஜே கமாண்ட் அடிச்சா எஸ்க்யூஎல்லென் சைஸ் வரும், 8 இருக்கணும். டிரைவர் மட்டும் பழசா 4 பைட்னு பில்ட் ஆகியிருந்தா இதுக்கு உல்டாவா நடக்கும், சைபர் போட்டு வச்ச இண்டிகேட்டர்ல மைனஸ் 1க்கு பதிலா 4294967295 வந்து நிக்கும், நல் செக் ஃபெயில் ஆகும், நம்ம கோட் அத நீளம்னு நம்பி மெம்காப்பி அடிக்கும். நான் ரெண்டு நாள் இதுல மண்டைய ஒடைச்சிருக்கேன்.

பில்லிங்_பாவி:
சைஸ் 8தான் காட்டுது. கேஸ்ட் 17 எடத்துல இருந்துச்சு, எல்லாத்தையும் தூக்கிட்டு டைப்ப மாத்தினேன், மொத்த ரிப்போர்ட்டும் விழாம ஓடிடுச்சு. கேஸ்ட் போட்ட புண்ணியவான் யாருன்னு ஹிஸ்டரிய தோண்டினா என் பேருதான் வருது, மேனேஜர்கிட்ட இன்னும் சொல்லல 😅