பிரெஞ்சு இறந்தகாலத்தில் நீங்கள் வழுக்கி விழுந்த இடம் எது?

பாரிஸ் புறநகரிலிருந்து:
நான் வந்து 3 வருசம் ஆன நேரம். ஒரு அலுவலகத்தில "எவ்வளவு காலமா இங்க இருக்கிறீங்கள்?" என்று கேட்டினம். "ஜே அபித்தே ஆன் ஃப்ரான்ஸ் பான்தான் த்ருவா ஸான்" (ஃப்ரான்ஸில மூண்டு வருசம் இருந்தன்) என்றன். அந்த அம்மா கண்ணாடிக்கு மேலால பார்த்து, "அப்ப இப்ப எங்க இருக்கிறீங்கள்?" என்றா.

பள்ளிக்கூடத்து ஆங்கிலம் செய்த வேலை. 'ஐ ஹாவ் லிவ்ட்' இருக்குத்தானே, ஹாவுக்குப் பதிலா பிரெஞ்சு வினை 'அவுவாரை'ப் போட்டால் சரி என்று நினைச்சன். பாஸே கொம்போஸே என்ற, முடிஞ்சதைச் சொல்லுற இறந்தகாலத்தோட பான்தான் ('இவ்வளவு காலம்') சேர்ந்தால் ஆள் வெளிக்கிட்டாச்சு என்று அர்த்தம். இன்னும் இருக்கிறவன் தெப்புய் ('இவ்வளவு காலமா') போட்டு நிகழ்காலத்தில சொல்ல வேணும்: ஜாபித் இசி தெப்புய் த்ருவா ஸான். 'மூண்டு வருசமா இருக்கிறன்.' அச்சொட்டா எங்கட தமிழ்!

புதுச்சேரியிலிருந்து:
எனக்கு நேர் எதிர், என்னைக் கவிழ்த்ததே தமிழ்தான். 'நான் தூங்கும்போது போன் வந்தது' என்பதை அப்படியே எழுதினேன்: பான்தான் கெ ஜ தோர், ல தெலேஃபோன் ஆ ஸொனே. 'தோர்' (தூங்குகிறேன்) மேல் சிவப்பு மையில் வட்டம். நம்ம 'தூங்கும்போது' காலம் காட்டாமல் நழுவிவிடும், மிச்சத்தைக் கடைசி வினைமுற்று பார்த்துக்கொள்ளும். பிரெஞ்சில் அந்தச் சலுகை கிடையாது. பான்தான் கெ-வுக்குப் ('அந்த நேரத்தில்') பின்னால் வரும் வினையும் தன் காலத்தைச் சொல்லியாகணும்: ஜ தோர்மே (தூங்கிக்கொண்டிருந்தேன்). நீண்டு கிடந்த தூக்கம் ஆம்பார்ஃபே என்ற தொடர் இறந்தகாலம், குறுக்கே வந்து விழுந்த மணி பாஸே கொம்போஸே.

'கான்' (அப்போது, வந்தபோது என்பதில் வரும் 'போது') வந்தால் இன்னும் வம்பு. 'கான் இல் எ தாரிவே, ஜ மான்ஜே' என்றால் அவர் வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 'ஜே மான்ஜே' என்றால் அவர் வந்த பிறகுதான் கை நனைத்தேன். விருந்தாளிக்குக் காத்திருந்த மரியாதை முழுக்க அந்த ஜ-வா, ஜே-யா என்பதில்தான்! காதால் கேட்டுப் பிரிக்க ஒரு வருஷம் பிடித்தது.

லியோனிலிருந்து:
அவான் கெ (முன்), அப்ரே கெ (பின்) பற்றி யாரும் சொல்லவில்லையே. முதலாவதுக்கு சுப்ஜோங்க்திஃப் (நடந்ததாக உறுதி சொல்லாத வினைவடிவம்), இரண்டாவதுக்கு சாதாரண வினை. முடிந்த கதைக்கும் நாம் 'அவர் வரும் முன்', 'அவர் வந்த பின்' என்றுதானே சொல்கிறோம்? முன்னதில் வரவு இன்னும் நடக்கவில்லை. அதை நினைத்துத்தான் எழுதினேன். கூட வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரர் அப்ரே கெ-வுக்கும் சுப்ஜோங்க்திஃப் போட்டுத் திருத்தினார். இலக்கணப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். "எல்லாரும் இப்படித்தான் பேசுகிறோம்" என்றார். ரயிலில் காது கொடுத்தால், பாதிப் பேர் அவர் கட்சி.