ஞாயிறு பிற்பகலில் சும்மா படுத்திருக்க ஏன் கூசுகிறது?

முத்தியால்பேட்டை வாசகி:
புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். சென்ற ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது வெளிக்கதவின் தாழ்ப்பாள் ஓசை கேட்டது. கேட்ட மாத்திரத்தில் எழுந்து உட்கார்ந்து, காலையிலேயே மடித்து வைத்திருந்த துணிகளைப் பிரித்து மறுபடியும் மடிக்கத் தொடங்கினேன். வந்தவன் தண்ணீர்க் கேன் போடும் பையன். அவன் பார்த்தால் எனக்கென்ன என்று பிறகு யோசித்தபோதுதான், ஏதாவது செய்துகொண்டிருக்கும் வரைதான் நான் ஒரு பொருட்டு என்ற எண்ணம் எனக்குள் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்பது புரிந்தது. உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மனுஷியின் மதிப்பை அன்றன்று முடித்த வேலையை வைத்து நிறுப்பது தவறு என்றே இப்போது நினைக்கிறேன்.

கெடிலக்கரையான்:
சகோதரி, நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள்; ஆனால் உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள், கொட்டையிலிருந்து கசியும் எண்ணெயில் விரல் தோல் கறுத்து உரிந்தாலும், சாம்பலைத் தொட்டுக்கொண்டு அடுத்த கொட்டையை எடுக்கிறார்கள். உடைத்த பருப்பின் எடைக்குத்தான் அவர்களுக்குக் கூலி. அவர்களிடம் போய் மதிப்பு வேறு, உழைப்பு வேறு என்று சொல்ல நமக்கு வாய் வருமா? நிலத்தைக்கூட நம்மவர்கள் சும்மா விடுவதில்லை. காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் ஈரம் பார்த்து உளுந்து தெளித்துவிடுவார்கள். உங்களை எழுப்பி உட்காரவைத்த அந்த உறுத்தல்தான் நம் பெற்றோரை எழுப்பி நம்மைப் படிக்கவைத்தது. அதை நோய் என்று சொல்லாதீர்கள்.

வில்லியனூரான்:
உளுந்து உவமை உங்களுக்கே எதிராகத் திரும்புகிறது, ஐயா. உளுந்தின் வேர்முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தைத் திருப்பித் தருகின்றன. நெல்லுக்குப் பின் நெல் என்று அடித்துக்கொண்டே போனால் மண் என்ன ஆகும் என்பது அந்த விவசாயிக்குத் தெரியும். இருக்கட்டும், உழைப்பாளிகளின் பெயரால் நீங்கள் பேசுவதால் இதைச் சொல்கிறேன். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்கள் பிரெஞ்சுக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. ஓய்வு சொகுசுக்காரர்களின் கவலை என்றால் அவர்கள் எதற்காகப் போராடினார்கள்?

என் தந்தையும் ஆலைத் தொழிலாளிதான். அவர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்ட பிறகும், எட்டு மாதங்கள், காலை ஐந்தரை மணிக்கு அம்மா கட்டிக் கொடுத்த தூக்குச் சட்டியோடு சைக்கிளில் கிளம்பிப் போவார். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தார். தாவரவியல் பூங்காவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு, ஷிப்ட் விடும் நேரத்துக்குச் சரியாகத் திரும்புகிறார் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். பணம் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலையில்லாமல் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரத் தனக்கு உரிமையில்லை என்று அவர் நினைத்ததைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

கெடிலக்கரையான்:
படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் உங்கள் தந்தையிடமிருந்து பறிக்கப்பட்டது வேலை. அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயமே தவிர, வேலை இல்லாவிட்டாலும் நீங்கள் மதிப்புள்ளவர்தான் என்று ஆறுதல் சொல்வது மூடியவர்களுக்கு அல்லவா வசதி? 1936இல் தொழிலாளர்கள் முதலாளியிடமும் அரசிடமும் நேரத்தைக் கேட்டார்கள். தங்கள் மனத்தைத் திருத்திக்கொள்ள அவர்கள் புறப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் வேலைச்சோர்வைப் பணியிடம் சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது, நோய் என்று அல்ல. சகோதரியின் அலுவலகத்தில் ஆண்டிறுதிக் கணக்குக்கு இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்கிறார் என்றால், அதைக் கேளுங்கள்; பாயில் படுத்துக்கொண்டு மனத்தைப் பழக்குவதால் அது மாறாது.

தேவனாம்பட்டினத்தான்:
நடுவில் ஒரு சிறு செய்தி. எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனப்பெருக்கத்துக்காக, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. காலையில் வலை பின்னுவார்கள், படகுக்கு வர்ணம் அடிப்பார்கள். வெயில் ஏறியதும் படகு நிழலில் சீட்டாட்டமும் தூக்கமும்தான். கையில் காசு இல்லாத கவலை உண்டு, கடன் உண்டு. ஆனால் படுத்திருப்பவனைப் பார்த்து ஏன்டா படுத்திருக்கிறாய் என்று அந்த 61 நாளும் யாரும் கேட்பதில்லை, அவனும் கூசுவதில்லை. ஜூலை மாதம் ஒருவன் மட்டும் அப்படிப் படுத்திருந்தால் ஊரே கேட்கும். எல்லோரும் சேர்ந்து ஓயும்போது வராத கூச்சம் ஒருவர் தனியாக ஓயும்போது மட்டும் வருகிறதென்றால், அது மனசாட்சி அல்ல, அடுத்தவர் பார்வை என்றுதான் எனக்குப் படுகிறது.

கெடிலக்கரையான்:
இதை மறுப்பது கடினம். அடுத்தவர் பார்வைக்கு அஞ்சுவதிலும் கொஞ்சம் நன்மை இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். என்னை விடியற்காலை எழுப்புவது அதுதான்.

முத்தியால்பேட்டை வாசகி:
அலுவலகத்தில் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் போகிறேன், ஐயா. அதில் நமக்குள் வழக்கில்லை. ஆனால் கேட்டு வாங்கிய விடுமுறையிலும் துணியைப் பிரித்து மடிப்பவளுக்கு அது மட்டும் போதாது. இன்று மதியம் வேண்டுமென்றே படுத்திருந்தேன். தாழ்ப்பாள் ஓசை கேட்டது, எழவில்லை. உள்ளே வந்த நாத்தனார் என்னைப் பார்த்ததும், "என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். சும்மாதான் படுத்திருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.