டெக்சாஸில் .223 வைத்து மான் சுடலாமா?

குறிக்காரன்:
வெள்ளைவால் மானுக்கு .223 ரைபிள் (குண்டின் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) தாராளமாகப் போதும், டெக்சாஸ் சட்டமே விட்டுவிட்டது என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். சட்டம் விட்டால் மானுக்கு வலிக்காதா? சாதாரண 55 கிரெய்ன் (சுமார் மூன்றரை கிராம்) குண்டு குழல் வாயில் 1280 அடி-பவுண்ட் ஆற்றல் காட்டும், 100 கஜம் போனால் 1000-க்குக் கீழே. 1000 இல்லையா, சுடாதீர்கள்.

ஹூஸ்டன் பாண்டி:
அந்த மேதாவி நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1895-லிருந்து இருக்கும் .30-30 ரைபிள் தோட்டா கூட 200 கஜத்தில் 1000-க்குக் கீழேதான். அதில் விழுந்த மான்களெல்லாம் எழுந்து ஓடிவிட்டனவா? முன்னங்காலை ஒட்டிப் பின்னால், நுரையீரலில் இறங்கினால் போதும். நான் போடுவது மானுக்கென்றே செய்த குண்டு, நரி மாதிரிச் சின்ன விலங்குக்கான, பட்டதும் சிதறும் குண்டு இல்லை.

குறிக்காரன்:
.30-30 குண்டு 150 கிரெய்ன் ஐயா, மறுபக்கம் துளைத்து வெளியே வரும், ரத்தத் தடம் கிடைக்கும். உங்கள் குண்டு தோள் எலும்பில் பட்டால் உள்ளேயே சிதறும், அப்புறம் இருட்டில் டார்ச்சோடு புதர் புதராகத் தேட வேண்டியதுதான். கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 அங்குலக் குண்டு, அதுவும் 100 கஜத்தில் 1000 இருக்க வேண்டும். அவர்கள் முட்டாள்களா?

கிளாஸ்கோ மாமா:
ஸ்காட்லாந்தில் ரோ மானுக்கு (அங்குள்ள சின்ன மான் வகை) .223 சட்டப்படி சரி. அங்கேயும் 1000 தான், ஆனால் குழல் வாயில் அளப்பார்கள். எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் வந்தால் அதே மானுக்கு .240 வேண்டும். எந்த 1000-ஐச் சொல்கிறீர்கள்?

குறிக்காரன்:
100 கஜத்தில் 1000. ரோ மான் ஆட்டுக்குட்டி அளவு, அதை இங்கே இழுக்காதீர்கள்.

ஹூஸ்டன் பாண்டி:
இங்கே டெக்சாஸ் ஹில் கன்ட்ரி மலைப்பகுதி மான் மட்டும் என்ன யானையா?

பச்சைமனிதன்:
இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுட்டால் ஜெயில். நீங்கள் கேலிபர் (குண்டின் விட்டம்) பேசுகிறீர்கள். வெட்கமாக இல்லை?

ஹூஸ்டன் பாண்டி:
நேற்று நீங்கள் சாப்பிட்ட பிரியாணி ஆடு தற்கொலை செய்துகொண்டதா?

பச்சைமனிதன்:
நான் சைவம்.

குறிக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள் பாண்டி. 1000.

ஹூஸ்டன் பாண்டி:
போன சீசனில் .300 மேக்னம் என்ற பெரிய தோட்டாவால் ஒரு சின்னப் பெட்டைமானின் தோள் இறைச்சி முழுவதையும் ரத்தக்கட்டாக்கிப் படம் போட்டது யார்? அதில் எத்தனை ஆயிரம் இருந்தது? அப்போது வாயே திறக்காதவர் இப்போது தர்மம் பேசுகிறார்.

குறிக்காரன்:
அது நின்ற இடத்திலேயே விழுந்தது.

கிளாஸ்கோ மாமா:
.223-ஐவிடக் கொஞ்சம் பெரிய ஒரு .243 ரைபிள் வாங்கித் தொலைத்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

ஹூஸ்டன் பாண்டி:
மாமா, உங்களிடம் யார் கேட்டது?

குறிக்காரன்:
கேலியெல்லாம் இருக்கட்டும். உங்கள் குண்டுக்கு 100 கஜத்தில் எவ்வளவு? எண்ணை மட்டும் போடுங்கள்.